காற்றைக் குடிக்கும் கெளுத்தி



மழை ஓய்ந்து பத்துப் பதினைந்து நாள்கள் கழிந்தபின் ஊர்ப்புறத்துக் குட்டை ஒன்றை நின்று கவனியுங்கள். வெள்ளத்தோடு வந்து தேங்கிய நீர் மெல்லக் கறுக்கத் தொடங்கியிருக்கும். இலை, தழை, சாக்கடைக் கழிவு எல்லாம் அதில் அழுகிக்கொண்டிருக்கும். கெண்டை போன்ற மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேற்பரப்பில் தவிக்கும். அடுத்த நாள் அவை வெள்ளை வயிறு தெரியக் கரை ஒதுங்கும். ஆனால் அதே குட்டையில் வேறு சில மீன்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து, ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு, ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் சேற்றுக்குள் இறங்கிவிடும். நீர் அழுகினாலும் அவை சாவதில்லை.

மணலி புதுநகர், எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிகளில் வாழும் மாணவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. கொசஸ்தலை ஆறு, பக்கிங்காம் கால்வாய், புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் ஆகியவை எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கிச் செல்லும் தாழ்வான நிலம் இது. ஆண்டுதோறும் எங்காவது நீர் தேங்கத்தான் செய்யும்.

காற்றை விழுங்கி வாழும் மீன்கள் நம் நாட்டிலேயே பல உண்டு. விரால், தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவற்றை நீங்கள் அறிவீர்கள். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்னும் டேனிஷ் படை அதிகாரி, பனையேறிக் கெண்டை ஒன்று நீர்நிலையின் ஓரத்துப் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததை 1791 ஆம் ஆண்டில் கண்டதாக எழுதினார். அக்குறிப்பு 1797 இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. மீன் நீரைவிட்டு வெளியே வந்து உயிரோடு திரியும் என்ற செய்தி அன்று ஐரோப்பாவை வியப்பில் ஆழ்த்தியது.

இந்தக் கூட்டத்தில் கடந்த சில பத்தாண்டுகளுக்குள் அயல்நாட்டிலிருந்து வந்து சேர்ந்த உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஆப்பிரிக்கக் கெளுத்தி. நம் நாட்டில் இதை வளர்ப்பதற்கே தடை இருக்கிறது. ஒரு மீனை ஏன் தடை செய்ய வேண்டும்? அதன் உடலமைப்பையும், உலகில் அது பரவியுள்ள விதத்தையும் அறிந்துகொண்டால் விடை தானே விளங்கும். இவை விலங்கியல் பாடமாயிற்றே என்று எண்ணாதீர்கள். இந்த மீனைப் புரிந்துகொள்ள நாம் படிக்கும் இயற்பியல் பெரிதும் உதவும்.

பெயர் வந்த வழி

இதன் அறிவியல் பெயர் கிளேரியஸ் கேரிபைனஸ். 'கிளேரியஸ்' என்னும் பேரினப் பெயர், துடிப்பானது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நீரைவிட்டு எடுத்தபின்னும் நெடுநேரம் துடிப்போடு இருப்பதால் இப்பெயர். 'கேரிபைனஸ்' என்பது 'காரிப்' என்னும் ஆற்றின் பெயரிலிருந்து பிறந்தது. தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஆற்றை அந்நாட்டுப் பழங்குடி மக்கள் அழைத்த பெயர் அது. அங்கே பயணம் செய்த வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் 1822 ஆம் ஆண்டில் இந்த இனத்தை விவரித்துப் பெயரிட்டார்.

விஞ்ஞானிகள் பெயரிடுமுன்பே மனிதனுக்குக் கெளுத்தி மீன்களோடு பழக்கம் இருந்தது. ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முன் எகிப்தை ஆண்ட நார்மர் என்ற மன்னனின் பெயரை எழுத, ஒரு கெளுத்தி மீனின் உருவத்தையும் ஓர் உளியின் உருவத்தையும் பயன்படுத்தினார்கள்.

உடலமைப்பு

முதலில் வெளித்தோற்றத்தைக் காண்போம். உடல் விலாங்கைப்போல் நீண்டது. மேற்புறம் கருஞ்சாம்பல் நிறம், அடிப்புறம் வெளுப்பு. செதில்கள் கிடையா. வழுவழுப்பான கோழைதான் தோலுக்குக் காப்பு. தலை பெரியது, மேலிருந்து அழுத்தினாற்போல் தட்டையானது. அதன் மேற்புறம் முழுதும் கெட்டியான எலும்புத் தகடுகளால் மூடப்பட்டிருக்கும். கண்கள் உடலின் அளவை நோக்க மிகச் சிறியவை.

வாயைச் சுற்றி நான்கு இணை, அதாவது எட்டு மீசைகள் உள்ளன. ஓர் இணை நாசித் துளைகளின் அருகிலும், ஓர் இணை மேல்தாடையிலும், இரண்டு இணைகள் கீழ்த்தாடையிலும் அமைந்திருக்கின்றன. இவை வெறும் தொடு உறுப்புகள் அல்ல. நம் நாக்கில் இருப்பதுபோன்ற சுவை மொட்டுகள் இவற்றில் உண்டு. கலங்கிய நீரில் இந்த மீன் தன் இரையைக் காண்பதைவிடச் சுவைத்து அறிகிறது எனலாம்.

முதுகுத் துடுப்பு தலைக்குச் சற்றுப் பின்னே தொடங்கி ஏறத்தாழ வால் வரை செல்லும். குதத் துடுப்பும் அவ்வாறே நீண்டது. இவ்விரண்டிலும் முள் கிடையாது. மார்புத் துடுப்பின் முன்விளிம்பில் மட்டும் ரம்பப் பல் போன்ற விளிம்புள்ள வலுவான முள் ஒன்று உண்டு. ஈரமான தரையில் இந்த முட்களை மாறி மாறி ஊன்றி, உடலை வளைத்து, மீன் நகர்ந்து செல்கிறது. ஒரு குட்டை வற்றினால் அடுத்த குட்டைக்குப் போக இது உதவுகிறது.

தாடைகளில் நுண்ணிய பற்கள் பட்டையாக அமைந்துள்ளன. செவுள் வளைவுகளில் சீப்புப் பல் போன்ற சல்லடைக் குச்சிகள் நிறைய உண்டு. மீன் வளர வளர இவற்றின் எண்ணிக்கையும் கூடுகிறது. ஆகவே இது பெரிய இரையைக் கவ்வி விழுங்கவும் வல்லது; நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சலித்து உண்ணவும் வல்லது. பூச்சி, நத்தை, தவளை, மீன்குஞ்சு, நீர்ப்பறவைக் குஞ்சு, அழுகிய இறைச்சி எதுவும் இதற்கு விலக்கன்று. உணவில் இது ஒன்றையே நம்பி வாழும் பிராணி அன்று என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

இந்த இனத்தில் 170 செ.மீ. நீளமும் 60 கி.கி. எடையும் உள்ள மீன்கள் பிடிபட்டிருக்கின்றன. நம் நாட்டு உறவினமான மாகூர்க் கெளுத்தியோ அரை மீட்டரைக்கூடத் தாண்டுவதில்லை.

நீரில் எவ்வளவு பிராணவாயு?

இனி மூச்சுக்கு வருவோம். மீன்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செவுள்களால் பிரித்தெடுக்கின்றன என்று படித்திருக்கிறீர்கள். நீரில் எவ்வளவு பிராணவாயு கரையும்? வெப்பநிலை உயர உயர வாயுக்களின் கரைதிறன் குறைகிறது. 0° செல்சியஸில் ஒரு லிட்டர் தூய நீர் சுமார் 14.6 மி.கி. பிராணவாயுவைக் கொள்ளும். 30° செல்சியஸில் அதே நீர் சுமார் 7.5 மி.கி. மட்டுமே கொள்ளும். கண்ணாடிக் குவளை ஒன்றில் குளிர்ந்த நீரை ஊற்றி வெயிலில் வையுங்கள். சிறிது நேரத்தில் குவளையின் உட்புறச் சுவரில் சிறு குமிழிகள் ஒட்டியிருக்கும். நீரைவிட்டு வெளியேறும் காற்றே அது.

இப்போது காற்றைக் கணக்கிடுவோம். 30° செல்சியஸில் ஒரு மோல் வாயு சுமார் 24.9 லிட்டர் இடத்தை அடைக்கும். காற்றில் 21 விழுக்காடு பிராணவாயு. ஆகவே ஒரு லிட்டர் காற்றில் 0.21 லிட்டர் பிராணவாயு உண்டு. அதன் எடை 0.21 × 32 ÷ 24.9 = 0.27 கிராம், அதாவது 270 மி.கி. நல்ல நீரில் இருப்பதைப்போல் 36 மடங்கு!

அழுகும் பொருள்கள் நிறைந்த நீரின் நிலை இன்னும் மோசம். கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் பிராணவாயுவையும் செலவிட்டுவிடுகின்றன. லிட்டருக்கு 1 மி.கி.க்கும் கீழே அது இறங்கிவிடுவதுண்டு.

ஒரு மீனுக்கு மணிக்கு 75 மி.கி. பிராணவாயு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கரைந்துள்ள முழுவதையும் அது எடுத்துக்கொள்வதாகவும் கொள்வோம். நல்ல நீரானால் மணிக்கு 10 லிட்டர் நீரைச் செவுள்களின் வழியே செலுத்த வேண்டும். லிட்டருக்கு 1 மி.கி. மட்டும் உள்ள சாக்கடை நீரானால் 75 லிட்டர், அதாவது 75 கி.கி. எடையுள்ள நீர்! காற்றானால் கால் லிட்டருக்குச் சற்றே கூடுதல் போதும். அதன் எடை அரை கிராம்கூட இல்லை. கெட்ட நீரில் செவுளை நம்பும் மீன், மூச்சு வாங்கும் உழைப்பிலேயே களைத்துச் சாகிறது. காற்றை நம்பும் மீன் ஒரு விழுங்கில் வேலையை முடித்துக்கொள்கிறது.

தலைக்குள் ஒரு மரம்

அப்படியானால் எல்லா மீன்களும் காற்றைச் சுவாசிக்கலாமே, கரையில் போட்ட கெண்டை ஏன் சாகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஓவியத் தூரிகை ஒன்றை நீருக்குள் முக்கிப் பாருங்கள். மயிர்கள் தனித்தனியே விரிந்து நிற்கும். வெளியே எடுங்கள், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூராகிவிடும். நீரின் பரப்பு இழுவிசையே காரணம். செவுள் இழைகளின் கதியும் இதுதான். நீருக்குள் அவை விரிந்து பெரும் பரப்பைத் தருகின்றன. காற்றில் அவை ஒட்டிக்கொள்வதால் பரப்பு மிகவும் சுருங்கிவிடுகிறது. சுற்றிலும் பிராணவாயு மிகுந்திருந்தும் மீனுக்கு மூச்சு முட்டுகிறது.

கெளுத்தி இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. செவுள்களுக்கு மேலே, தலையின் இரு புறங்களிலும், ஓர் அறை உண்டு. அந்த அறைக்குள் இரண்டாம், நான்காம் செவுள் வளைவுகளிலிருந்து கிளைவிட்ட சிறு மரங்கள் போன்ற உறுப்புகள் வளர்ந்துள்ளன. பூக்கோசைப் பிளந்து பார்த்தால் தெரியும் வடிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளைக்குள்ளும் குருத்தெலும்பு இருக்கிறது. அதன்மேல் இரத்த நுண்குழாய்கள் நிறைந்த மெல்லிய தோல் போர்த்தியிருக்கிறது. குருத்தெலும்பு விறைப்பாகத் தாங்குவதால் காற்றிலும் கிளைகள் ஒட்டிக்கொள்வதில்லை. பரப்பு இழுவிசைக்கு இது ஈடுகொடுக்கிறது.

மீன் மேலே வந்து விழுங்கும் காற்று இந்த அறைகளில் தங்குகிறது. அங்கே பிராணவாயு இரத்தத்தில் கலக்கிறது. கரியமில வாயுவை என்ன செய்வது? அது பிராணவாயுவைவிடப் பல மடங்கு எளிதாக நீரில் கரையும். ஆகவே அதன் பெரும்பகுதி செவுள்கள், தோல் வழியாக நீரிலேயே வெளியேறிவிடுகிறது. ஒரே உடலில் வரவுக்கு ஒரு வாயில், செலவுக்கு வேறு வாயில்!

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: தோலும் மர உறுப்பும் ஈரமாக இருக்க வேண்டும். ஈரச் சேற்றிலும் மழை இரவிலும் இந்த மீன் நெடுநேரம் நீருக்கு வெளியே உயிர் வாழும். காய்ந்த வெயிலில் நெடுநேரம் தாங்காது.

கேட்கும் எலும்புகள்

மீனின் உடல் ஏறத்தாழ நீரின் அடர்த்தியே உடையது. எனவே நீரில் வரும் ஒலி அலை, தடையொன்றும் காணாமல் உடலை ஊடுருவிப் போய்விடும். ஒலியை உணர வேண்டுமானால் அதற்கு மாறாக அதிரும் பொருள் ஒன்று உடலுக்குள் இருக்க வேண்டும். காற்றுக் குமிழி அதற்கு மிகவும் ஏற்றது. ஏனெனில் காற்று எளிதில் அமுங்கி விரியும்.

கெளுத்தி, கெண்டை இனங்களில் காற்றுப்பையின் அதிர்வைச் சிறு எலும்புகளின் சங்கிலி ஒன்று உட்செவிக்குக் கொண்டுசெல்கிறது. ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் 1820 ஆம் ஆண்டில் விவரித்ததால் இவை வெபர் எலும்புகள் எனப்படுகின்றன. நம் நடுச்செவியில் உள்ள மூன்று சிற்றெலும்புகள் செய்யும் பணியை ஒத்ததே இது. ஆப்பிரிக்கக் கெளுத்தியின் காற்றுப்பை மிகச் சிறிதாகி எலும்புக் கூட்டுக்குள் அடங்கியிருக்கிறது. மிதப்பதற்கு அது பெரிதும் உதவாது. ஆகவே மீன் எளிதாக அடித்தரையில் படிந்து கிடக்கிறது. ஆனால் கேட்பதற்கு அது போதும்.

மின்சாரத்தை உணரும் தோல்

1917 ஆம் ஆண்டில் பார்க்கர், வான் ஹூசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர், அந்நாட்டுக் கெளுத்தி ஒன்றின் கண்ணை மறைத்துவிட்டு, அதன் அருகே பல பொருள்களை நீட்டிப் பார்த்தார்கள். கண்ணாடிக் கோலை நீட்டியபோது அது தொடும்வரை மீன் பொருட்படுத்தவில்லை. உலோகக் கோலை நீட்டியபோதோ, தொடுவதற்கு முன்பே உணர்ந்துகொண்டது! உலோகம் நீரில் படும்போது வால்ட்டா மின்கலத்தில் போலச் சிறு மின்னோட்டம் எழுகிறது. மீன் உணர்ந்தது அதைத்தான்.

கெளுத்திகளின் தோலில் இதற்கென நுண்ணிய குழிகள் உள்ளன. ஒவ்வொரு குழியின் அடியிலும் மின்புலத்தை உணரும் செல்கள் இருக்கின்றன. நன்னீர்க் கெளுத்திகள் ஒரு செ.மீ.க்கு ஒரு மைக்ரோவோல்ட் அளவிலான மின்புலத்தை உணரக்கூடியவை. இது எவ்வளவு சிறிது தெரியுமா? டார்ச் விளக்கில் போடும் 1.5 வோல்ட் மின்கலத்தின் இரு முனைகளை 15 கி.மீ. இடைவெளியில் வைத்தால் கிடைக்கும் மின்புலத்துக்குச் சமம். மணலி புதுநகரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு நேர்க்கோட்டுத் தூரம் அதைவிடக் குறைவு!

உயிருள்ள ஒவ்வொரு பிராணியின் தசையும் நரம்பும் மிகச் சிறு மின்புலத்தை உண்டாக்குகின்றன. சேற்றில் மறைந்திருக்கும் இரையை இருட்டிலும் கண்டுபிடிக்க இந்த உணர்வு பயன்படுகிறது. ஆப்பிரிக்காவின் ஆறுகளில் தாமே மின்துடிப்புகளை வெளியிடும் சிறு மீன்கள் உண்டு. அவற்றின் துடிப்புகளைக்கூட ஒட்டுக்கேட்டு ஆப்பிரிக்கக் கெளுத்தி வேட்டையாடுகிறது என்பதை 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது.

சொந்த நாடும் வந்த நாடும்

இத்தனை கருவிகளோடு பிறந்த மீன் எங்கெல்லாம் வாழும்? உங்கள் நில வரைபட நூலை விரித்துக்கொள்ளுங்கள். வடக்கே நைல், மேற்கே நைஜர், நடுவே காங்கோ, தெற்கே சாம்பேசி, ஆரஞ்சு ஆறுகள் என்று ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி இதன் தாயகம். அட்லஸ் மலைகளை ஒட்டிய வடமேற்கு மூலையிலும் கண்டத்தின் தென்கோடியிலும் இயற்கையாக இது இல்லை. ஆசியாவில் ஜோர்டான், இஸ்ரேல், லெபனான், சிரியா, துருக்கியின் தெற்குப் பகுதி வரை எட்டியிருக்கிறது. 8° முதல் 35° செல்சியஸ் வரை வெப்பநிலையைத் தாங்குவதால் இவ்வளவு பரந்த பரப்பு இதற்கு வாய்த்தது.

ஆனால் ஒரு நன்னீர் மீனுக்கு எல்லை வகுப்பவை மலை முகடுகளும் கடலும்தாம். ஓர் ஆற்றுப் படுகையிலிருந்து அடுத்த படுகைக்கு அது தானாகத் தாவ முடியாது. அந்த எல்லையை அழித்தவன் மனிதன். தென்னாப்பிரிக்காவில் ஆரஞ்சு ஆற்றின் நீரைத் தெற்கே வறண்ட பகுதிக்குக் கொண்டுசெல்ல, மலையைக் குடைந்து சுமார் 83 கி.மீ. நீளமுள்ள சுரங்கக் கால்வாய் ஒன்றை 1975 ஆம் ஆண்டில் திறந்தார்கள். நீரோடு கெளுத்தியும் போயிற்று. அதுவரை அம்மீனை அறியாத ஆறுகளில் அது குடியேறிவிட்டது. ஒரே நாட்டுக்குள்ளேயே ஒரு மீன் அயலானாக முடியும் என்பதற்கு இது சான்று.

வேகமாக வளர்வது, நெருக்கமாக அடைத்தாலும் சாகாதது, எதையும் தின்பது ஆகிய குணங்களால் பண்ணைக்காரர்கள் இதை விரும்பினார்கள். ஐரோப்பா, தென்னமெரிக்கா, தென்கிழக்கு ஆசியா என்று பல இடங்களுக்கும் கொண்டுபோனார்கள். வங்கதேசத்துக்கு 1989 இல் தாய்லாந்திலிருந்து வந்தது. அங்கிருந்து 1990களின் தொடக்கத்தில், அரசின் அனுமதி எதுவுமின்றி, மேற்கு வங்காளத்துக்குள் நுழைந்து இந்தியா முழுதும் பரவியது.

தீமையை உணர்ந்து, இருப்பிலுள்ள மீன்களை அழித்துவிடுமாறு 1997 ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய வேளாண்மை அமைச்சகம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. இருந்தும் திருட்டுத்தனமான வளர்ப்பு நிற்கவில்லை. தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி, தருமபுரி போன்ற மாவட்டங்களில் அதிகாரிகள் பலமுறை பண்ணைக் குட்டைகளை அழித்திருக்கிறார்கள். கோழிக் கழிவையும் இறைச்சிக் கழிவையும் கொட்டி வளர்ப்பதால் அக்குட்டைகளின் நீரும் சுற்றுப்புறமும் கெடுவது தனிக் கேடு.

ராஜஸ்தானில் பரத்பூர் அருகே உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா பறவைகளுக்குப் பெயர்பெற்றது. அதன் நீர்நிலைகளுக்குள்ளும் இந்த மீன் புகுந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் பிடித்து அகற்ற வேண்டியதாயிற்று. கேரளத்தில் 2018 ஆகஸ்டு வெள்ளத்துக்குப் பின் பண்ணைகளிலும் தொட்டிகளிலும் இருந்த அயல்நாட்டு மீன்கள் ஆறுகளில் அகப்பட்டன. அவற்றில் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஒன்று.

வெள்ளமும் உப்பும்

இனி நம் பகுதியைக் கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். கொசஸ்தலை ஆற்றின் கரையோரத்தில் எங்கோ ஒரு குட்டையில் யாரோ ஒருவர் இந்த மீனை மறைவாக வளர்க்கிறார் என்று கொள்வோம். பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பி உபரிநீர் திறக்கப்படுகிறது. 2015, 2021 ஆம் ஆண்டுகளிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் மணலி புதுநகரைச் சூழ்ந்த வெள்ளத்தை நீங்களோ உங்கள் பெற்றோரோ கண்டிருப்பீர்கள். குட்டையின் கரை எவ்வளவு உயரம்? இரண்டடி இருக்குமா? அதற்குமேல் நீர் வந்துவிட்டால் குட்டை ஏது, ஆறு ஏது?

தன் தாயகத்தில் இந்த மீன் முட்டையிடுவது மழைக்காலத்தில்தான். நீர்மட்டம் உயர்ந்து, புல்வெளிகள் மூழ்கும்போது, ஆழமற்ற அந்த நீருக்கு வந்து முட்டையிடும். நம் வடகிழக்குப் பருவமழை அதே சூழலை இங்கே அமைத்துக்கொடுக்கிறது. ஒரு கிராம் முட்டைத் திரளில் 600 முதல் 700 முட்டைகள் இருக்கும். ஒரு கிலோ எடையுள்ள பெண் மீன் 150 கிராம் முட்டை சுமந்தால் அதில் 90,000 முட்டைகளுக்கு மேல் உண்டு. ஆயிரத்தில் ஒன்று பிழைத்தாலும் 90 மீன்கள்!

இயற்கை ஓர் எல்லையை இங்கேயும் வகுத்திருக்கிறது. அது உப்பு. லிட்டருக்குச் சுமார் 10 கிராம் உப்பு வரை இந்த மீன் தாங்கும். கடல் நீரில் சுமார் 35 கிராம் இருக்கிறது. ஆகவே சாதாரண நாள்களில் எண்ணூர்க் கழிமுகத்தின் உவர்நீர் இதற்கு வேலிபோல் நிற்கும். ஆனால் பெருவெள்ளம் வரும்போது நிலை மாறுகிறது. நன்னீரின் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 1000 கி.கி.; கடல் நீருடையது சுமார் 1025 கி.கி. இலேசான வெள்ளநீர் மேலே பரவிக்கொண்டு உப்புநீரைக் கீழேயும் வெளியேயும் தள்ளுகிறது. அந்தச் சில நாள்களுக்கு வேலி திறந்து கிடக்கிறது. ஆறு, கால்வாய், ஏரி, குட்டை எல்லாம் ஒரே நீர்ப்பரப்பாக இணைந்துவிடுகின்றன. வெள்ளம் வடிந்தபின் ஒவ்வொரு பள்ளத்திலும் எந்த மீன் தங்கும்? அழுகும் நீரிலும் மூச்சுவிடத் தெரிந்த மீன்தான். அங்கே அது எதைத் தின்னும்? கிடைப்பதையெல்லாம் தின்னும், உணவைப் பற்றி முன்பு சொன்னதை இங்கே நினைவுகூருங்கள்.

முதலில் அடிபடுபவை நம் விராலும் தேளியும் கெண்டையும் அவற்றின் குஞ்சுகளும்தாம். மாகூர்க் கெளுத்தி பீகாரின் மாநில மீன். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அயலினத்தோடு கலப்பினம் உண்டாவதும் அதற்கு ஓர் அச்சுறுத்தல். ஆற்றில் வலை வீசிப் பிழைக்கும் குடும்பங்களுக்கோ, பலவகை மீன் கிடைத்த இடத்தில் விலைபோகாத ஒரே வகை மீன் மிஞ்சும்.

குற்றம் மீனுடையதா?

ஒன்றை மறக்காதீர்கள். நைஜீரியாவில் இதே மீன் மதிப்புள்ள உணவு, பெரும் தொழில். அங்கே இதை அடக்கி வைக்க முதலைகளும் பறவைகளும் பெருமீன்களும் உள்ளன. அங்குள்ள சிறுமீன்கள் தலைமுறை தலைமுறையாக இதனோடு போராடிப் பழகியவை. இங்கே அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஓர் இடத்தில் பொருத்தமாக இருக்கும் உயிர் வேறோர் இடத்தில் கேடாவதற்கு இடம் மாறியதே காரணம், மாற்றியவர்கள் நாம்.

நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீன் அலுத்துப்போனால் ஏரியிலோ கால்வாயிலோ விடாதீர்கள். கருணையாகத் தோன்றும் அந்தச் செயல் ஆயிரம் மீன்களுக்குக் கொலையாக முடியலாம். எட்டு மீசையும் நீண்ட முதுகுத் துடுப்பும் கொண்ட பெரிய கெளுத்தி உங்கள் பகுதி நீர்நிலையில் அகப்பட்டால் மீண்டும் நீரில் விடாமல் மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள். அடையாளம் காண்பதில் ஐயம் இருந்தால் பொன்னேரியில் உள்ள மீன்வளக் கல்லூரி போன்ற நிறுவனங்களில் கேட்டறியலாம். நம் மாகூருக்கும் தேளிக்கும் எட்டு மீசை உண்டு என்பதால், அவற்றைத் தவறாகக் கொன்றுவிடாமல் இருப்பதும் முக்கியம். தேளியின் முதுகுத் துடுப்பு மிகச் சிறியது. அதைக்கொண்டு எளிதில் பிரித்தறியலாம். மாகூருக்கு முதுகுத் துடுப்பு நீளம். ஆனால் உடல் சிறியது. அரை மீட்டருக்கு மேற்பட்டதாயின் அது மாகூர் அன்று என்று உறுதியாகச் சொல்லலாம்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்றும் உண்டு. நம் நீர்நிலைகளில் கழிவு கலக்கும்வரை, காற்றைக் குடிக்கத் தெரிந்த மீன்களே அங்கே வெல்லும். நீரில் லிட்டருக்கு 6, 7 மி.கி. பிராணவாயு இருந்தால் கெண்டையும் வாழும், விராலும் வாழும். அது 1 மி.கி. ஆகும்போது போட்டியின் விதியே மாறிவிடுகிறது. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரின் துணையோடு அருகிலுள்ள குளத்து நீரின் கரைந்த பிராணவாயுவை மாதம் ஒருமுறை அளந்து குறித்து வாருங்கள். விடியற்காலையிலும் பிற்பகலிலும் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கான விடையை உங்கள் தாவரவியல் பாடத்தில் காண்பீர்கள்.